குடுவையில் எத்தனை தளிர், வயலில் எவ்வளவு எண்ணெய்? நறுமணப் பயிர்த் திசு வளர்ப்பில் வளர்ச்சி ஊக்கிகள்

நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் ஜெரேனியம் பயிரிடுகிறவர்கள் விதை தேடுவதில்லை. ரோஜா வாசம் வீசும் அந்தச் செடி பூக்கும். ஆனால் முளைக்கக்கூடிய விதை கட்டாது. நல்ல செடியின் நுனிக்குச்சியை வெட்டி, மணலும் மட்கும் கலந்த பாத்தியில் நட்டு, வேர்விட்டதும் வயலுக்கு எடுத்துப் போவதுதான் வழக்கம். ஊதுவத்திக்கும் அத்தருக்கும் எண்ணெய் தரும் பச்சௌலியும் குச்சியில்தான் பெருகுகிறது. பெப்பர்மின்ட் இரண்டு புதினா இனங்கள் கலந்து பிறந்த மலட்டுச் செடி. அதற்கும் ஓடுதண்டை விட்டால் வேறு கதியில்லை. பிரான்ஸின் புரோவான்ஸ் பகுதியில் மலைச்சரிவெல்லாம் ஊதாநிறமாகத் தெரிகிற, லாவண்டரின் மலட்டுக் கலப்பினமான லாவண்டினும் அப்படியே.

விதையில்லாமல் பெருகுவதால் ஒரு பெரிய லாபம் உண்டு. தாய்ச் செடியின் எண்ணெய் எந்தக் குணத்தில் இருந்ததோ அதே குணத்தில் ஆயிரம் ஏக்கரிலும் இருக்கும். வாசனைத் திரவியம் செய்கிறவர் கேட்பது அதைத்தான். ஆனால் தாயின் நோயும் கூடவே வரும். லாவண்டினில் 'அப்ரியால்' என்ற ஒரே ரகத்தை நம்பியிருந்த புரோவான்ஸ் விவசாயிகள், செடிகள் கொத்துக்கொத்தாகக் காய்ந்ததால் 1970களில் 'குரோசோ' என்ற ரகத்துக்கு மாறினார்கள். பூச்சியால் பரவும் ஃபைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரி செடிகள் இப்படிக் காய்வதற்குக் காரணம். அது நோயுற்ற குச்சி வழியாகவும் அடுத்த தலைமுறைக்குப் போகும். பச்சௌலியில் தேமல் வைரஸும் வேர்முடிச்சு நூற்புழுவும் இதேபோல நாற்றங்காலிலிருந்தே வயலுக்குக் குடிபோகின்றன.

திசு வளர்ப்பு இங்கேதான் அவசியமாகிறது. செடியின் உச்சியில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான வளர்நுனிக்குள் வைரஸ் பெரும்பாலும் ஏறாது. 1952இல் பிரான்ஸில் மோரெலும் மார்த்தெனும் டாலியா செடியில் அந்த நுனியை மட்டும் வெட்டி வளர்த்து, வைரஸ் இல்லாத செடியைப் பெற்றார்கள். அன்றிலிருந்து இன்றுவரை ஆய்விதழ்களில் புதினா, ரோஸ்மேரி, லாவண்டர், ஜெரேனியம், பச்சௌலி, துளசி, ஆரிகானோ என்று ஒவ்வொரு செடிக்கும் எந்த வளர்ச்சி ஊக்கி, எவ்வளவு, எந்த நாளில் என்று கட்டுரைகள் குவிந்துகொண்டே வருகின்றன. அவற்றைச் சேர்த்து வைத்துப் படித்தால் எனக்கு ஒரு முடிவுதான் தோன்றுகிறது. ஊக்கியைக் கூட்டிக் கூட்டிக் குடுவையில் தளிர்களை எண்ணுவதில் செலவழிந்த உழைப்பில் ஒரு பங்குகூட, அந்தச் செடி வயலில் என்ன எண்ணெய் தந்தது என்று பார்ப்பதில் செலவழியவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எல்லா வாசனைச் செடிக்கும் திசு வளர்ப்பு தேவையில்லை. மரிக்கொழுந்தும் திருநீற்றுப் பச்சிலையும் துளசியும் விதையில் நன்றாக வருகின்றன. மரிக்கொழுந்து விதை பழையதானால் முளைப்பு வேகமாகக் குறையும் என்பது உண்மைதான்; அதற்கு மருந்து புதிய விதை, ஆய்வுக்கூடம் அல்ல. கற்பூரவல்லியை ஒடித்து ஈரமண்ணில் செருகினாலே வேர்விடும். இந்தச் செடிகளில் திசு வளர்ப்புக்கு இடமுண்டு என்றால், தேர்ந்தெடுத்த ஓர் அபூர்வச் செடியைக் காப்பாற்றவும் மரபணு ஆய்வுக்கும்தான். நாற்று உற்பத்திக்கு என்று எழுதப்படும் கட்டுரைகளைப் படிக்கும்போது, விவசாயி எதற்காக இதை வாங்குவார் என்ற கேள்வி எழாமல் இல்லை.

புகையிலையில் கற்ற பாடம்

இந்த ஊக்கிகள் எதுவும் வாசனைச் செடிக்காகக் கண்டுபிடிக்கப்பட்டவை அல்ல. 1926இல் தைவானில் நெற்பயிர் வெளிறி, ஒல்லியாக நெடுநெடுவென்று வளரும் நோயை ஆராய்ந்த குரோசாவா, அதற்குக் காரணம் ஒரு பூஞ்சை வெளிவிடும் பொருள் என்று காட்டினார். ஜிப்ரலின் அப்படி வந்தது. 1928இல் நெதர்லாந்தின் உட்ரெக்டில் ஃபிரிட்ஸ் வெண்ட், ஓட்ஸ் நாற்றின் நுனியிலிருந்து அகார் துண்டுக்குள் இறங்கிய பொருள் தண்டை வளைக்கிறது என்று நிறுவினார்; அது ஆக்சின். 1941இல் வான் ஓவர்பீக் ஊமத்தையின் இளங்கருவை வளர்க்கத் தேங்காய்த் தண்ணீரை ஊடகத்தில் ஊற்றினார். கரு வளர்ந்தது. ஏன் வளர்ந்தது என்பதற்கு அன்று பதில் இல்லை. அதில் சைட்டோகைனின் வகைப் பொருள்கள் இருப்பது பின்னாளில்தான் தெரிந்தது.

1955இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஸ்கூக், மில்லர் குழு ஹெர்ரிங் மீனின் விந்தணு டி.என்.ஏ.விலிருந்து கைனெட்டினைப் பிரித்தது. வேடிக்கை என்னவென்றால், பழைய டி.என்.ஏ. வேலை செய்தது, புதியது செய்யவில்லை. புதியதை ஆட்டோகிளேவில் வேகவைத்த பிறகுதான் அதுவும் வேலை செய்தது. இரண்டு வருடம் கழித்து, 1957இல், அதே இருவர் புகையிலைத் தண்டின் உட்சோற்றில் ஒரு விதியைக் கண்டார்கள். ஆக்சின் ஓங்கினால் வேர்; சைட்டோகைனின் ஓங்கினால் தளிர்; இரண்டும் ஒத்திருந்தால் உருவமில்லாத காலஸ். 1962இல் முராஷிகேயும் ஸ்கூக்கும் புகையிலைக்காகவே ஓர் ஊட்ட ஊடகத்தை வகுத்தார்கள். லிட்டருக்கு 1,650 மி.கி. அம்மோனியம் நைட்ரேட், 1,900 மி.கி. பொட்டாசியம் நைட்ரேட், 30 கிராம் சர்க்கரை என்ற அந்தக் கணக்கு இன்றும் உலகின் ஆய்வுக்கூடங்களில் எம்.எஸ். மீடியம் என்ற பெயரில் கொதிக்கிறது.

புகையிலை விதி அழகானது. அதனாலேயே அளவுக்கு மீறிப் பயன்படுத்தப்பட்டது என்று நினைக்கிறேன். புகையிலைச் சோற்றில் மொட்டு கிடையாது. ஒன்றுமில்லாத திசுவிலிருந்து தளிரை உண்டாக்க வேண்டியிருந்தது. புதினாக் கணுவில் அப்படியில்லை. எதிரெதிராக இரண்டு இலை, ஒவ்வோர் இலையின் கக்கத்திலும் ஒரு மொட்டு ஏற்கெனவே இருக்கிறது. நுனியிலிருந்து இறங்கும் ஆக்சின் அதை வளரவிடாமல் அடக்கி வைத்திருக்கிறது. 1958இல் விக்சனும் திமானும் பட்டாணிச் செடியில் காட்டியது இதற்குத்தான் பொருந்தும்: கைனெட்டின் கிடைத்ததும் அந்த அடக்குமுறை தளர்ந்து பக்கமொட்டு விழித்துக்கொள்கிறது. விழிக்க வைக்கத் தேவையான அளவும், இல்லாத மொட்டை உண்டாக்கத் தேவையான அளவும் ஒன்றல்ல. கணுவை வெட்டிய கணமே, நுனியிலிருந்து வந்த கட்டளை அறுந்துபோகிறது. ஊக்கியே இல்லாத ஊடகத்தில்கூட இரண்டு மொட்டும் துளிர்க்கும். நறுமணச் செடிகளைப் பற்றிய பெரும்பாலான விவாதம் இந்த இடத்தில் தெளிவாகிவிடும்.

மேசையில் நடப்பது

தாய்ச் செடியின் இளந்தண்டில் மேலிருந்து மூன்றாவது, நான்காவது கணுக்களை எடுப்பது வழக்கம். நுனி மிக மென்மை, கிருமிநாசினி தாங்காது. அடி முற்றியது, உள்ளே பூஞ்சை ஒளிந்திருக்கும். ஓடும் தண்ணீரில் அலசி, 70 சதவீத ஆல்கஹாலில் 30 நொடி, பிறகு 0.1 சதவீத மெர்குரிக் குளோரைடில் சில நிமிடம், அதன்பின் நுண்ணுயிர் நீக்கிய தண்ணீரில் நாலைந்து முறை கழுவல். லேமினார் ஃப்ளோ மேசையில் கத்தி பட்டதும் புதினா வாசம் மூக்கை நிரப்பும். இலைப்பரப்பின் எண்ணெய்ச் சுரப்பிகள் உடைகிற வாசம் அது. அந்தச் சுரப்பிகளுக்கும் மெல்லிய ரோமங்களுக்கும் இடையில் தங்கிய தூசிதான் இந்தக் குடும்பச் செடிகளைச் சுத்தப்படுத்துவதைக் கடினமாக்குகிறது. மெர்குரிக் குளோரைடு பயன்படும்வரை பாதரசக் கழிவு ஆய்வுக்கூடத்தின் தலைவலியாகவே இருக்கும். சோடியம் ஹைப்போகுளோரைட்டில் செய்து பார்த்து, கொஞ்சம் குடுவைகள் கெட்டாலும் பரவாயில்லை என்று ஏற்கிற கூடங்களைத்தான் நான் மதிக்கிறேன்.

ரோஸ்மேரியில் இன்னொரு சங்கடம். வெட்டிய முனை சில மணி நேரத்திலேயே கறுக்கும். ஊடகமும் தேநீர் நிறமாகும். திசுவில் நிறைந்திருக்கும் ஃபீனால் பொருள்கள் காற்றுபட்டு ஆக்சிஜனேற்றம் அடைவதால் வருவது. அஸ்கார்பிக் அமிலத்தில் நனைப்பார்கள், அல்லது ஊடகத்தில் கரித்தூள் சேர்ப்பார்கள். கரித்தூள் ஃபீனாலை மட்டும் இழுப்பதில்லை. பென்சைல் அடினின் என்ற சைட்டோகைனினையும் என்.ஏ.ஏ. என்ற ஆக்சினையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். லேபிளில் 1 மி.கி. என்று எழுதியிருந்தாலும் செடிக்குக் கிடைத்தது எவ்வளவு என்பது வேறு கணக்கு. கரித்தூள் சேர்த்த ஊடகத்தின் அளவையும் சேர்க்காததன் அளவையும் ஒரே அட்டவணையில் வைத்து ஒப்பிடும் கட்டுரைகள் இதைக் கவனிப்பதில்லை.

ஊக்கி தயாரிப்பும் கவனம் கேட்கிற வேலை. பென்சைல் அடினின், அதாவது பி.ஏ.பி., தண்ணீரில் நேராகக் கரையாது. 100 மி.கி. தூளைச் சில துளி சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்து, தண்ணீர் சேர்த்து 100 மி.லி. ஆக்கினால் ஒரு மி.லி.யில் 1 மி.கி. இருக்கும். ஒரு லிட்டர் ஊடகத்தில் அதில் 1 மி.லி. விட வேண்டும், காடித்தன்மையை (pH) 5.8க்குக் கொண்டுவந்து, அகார் சேர்த்து, 121 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்ய வேண்டும். பி.ஏ.பி. அந்தச் சூட்டைத் தாங்கும். ஆக்சின்களில் என்.ஏ.ஏ. உறுதியானது, ஐ.பி.ஏ. ஓரளவு தாங்கும், இயற்கை ஆக்சினான ஐ.ஏ.ஏ. சூட்டிலும் வெளிச்சத்திலும் சிதையும். ஐ.ஏ.ஏ. சேர்த்த ஊடகத்தைச் சில வாரம் விளக்கு வெளிச்சத்தில் வைத்திருந்துவிட்டு, ஆக்சினுக்கு விளைவு இல்லை என்று முடிவு எழுதக் கூடாது.

பலரது அனுபவமும் ஒத்துப்போகிற படம் இது. ஊக்கி இல்லாத ஊடகத்தில் புதினாக் கணுவிலிருந்து இரண்டு நேரான தளிர் வரும். நாலு வாரத்தில் ஒவ்வொன்றிலும் மறுபடி வெட்டக்கூடிய கணுக்கள் இருக்கும். லிட்டருக்கு 0.5 முதல் 1 மி.கி. பி.ஏ.பி. சேர்த்தால் அடியிலிருந்தும் கிளைத்துச் சின்னக் கொத்தாகும். 2 மி.கி.யைத் தாண்டினால் கொத்து அடர்ந்து, தளிர் குட்டையாகி, கணுக்களுக்கு இடையே இடைவெளி காணாமல் போகும். அதற்கும் மேலே போனால் அடியில் காலஸ், மேலே தண்ணீர் கோத்த கண்ணாடி இலைகள். லாவண்டரும் ஆரிகானோவும் இந்தக் கண்ணாடித் தன்மைக்கு இன்னும் சீக்கிரம் ஆளாகும்.

இந்தப் படத்தைப் பார்த்து ஆய்வாளர் கட்டுரையில் எழுதுவது எது? எந்த அளவில் தளிர் எண்ணிக்கை உச்சம் தொட்டதோ, அதுவே சிறந்தது என்று. எனக்கு இதில் உடன்பாடில்லை. சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். மாதத்துக்கு மும்மடங்கு பெருகினாலே ஒரு கணு பன்னிரண்டு மாதத்தில் 5 லட்சத்து 31 ஆயிரத்தைத் தாண்டும். நான்மடங்கு என்றால் ஒரு கோடியே 67 லட்சம். காகிதத்தில் வரும் இந்த எண் நடப்பில் வராது; கெட்டுப்போகும், வெளியேறும், ஆள் போதாது. ஆனாலும், பெருக்க வேகம் ஒருபோதும் முட்டுக்கட்டை இல்லை என்பதை இது காட்டுகிறது. ஒரு கணுவிலிருந்து இருபது தளிர் எடுத்து, அதில் பாதி கண்ணாடியாகி நாற்றங்காலில் மடிவதைவிட, நேரான நாலு தளிர் எடுத்து நாலையும் பிழைக்க வைப்பது மேல்.

கண்ணாடி இலையும் அடியில் தங்கிய சர்க்கரையும்

கண்ணாடித் தன்மையை முன்பு விட்ரிஃபிகேஷன் என்றார்கள், இன்று ஹைப்பர்ஹைட்ரிசிட்டி. கையில் எடுத்தால் இலை தடித்து, ஒளி ஊடுருவி, மடக்கினால் முறியும். உயிரணுக்களுக்கு இடையே காற்று இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் தேங்கியிருக்கும். இலைத்துளை சரியாக மூடாது. மெழுகுப் படலம் ஏறக்குறைய இல்லை. இப்படிப்பட்ட செடி குடுவையைவிட்டு வெளியே வந்த சில மணியில் துவண்டுவிடும். சைட்டோகைனின் மிகுதி, குடுவைக்குள் நூறு சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதம், அகார் குறைவு, மூடியை இறுக அடைத்ததால் சேரும் எத்திலீன் ஆகிய எல்லாமே சேர்ந்து செய்கிற வேலை. மூடியில் காற்று போகும் வடிகட்டி வைப்பதும் அகாரைக் கொஞ்சம் கூட்டுவதும் உதவும், பி.ஏ.பி.யைக் குறைப்பது அதைவிட உதவும்.

இந்த விஷயத்தில் ஆரிகானோ ஒரு எதிர்பாராத பாடம் தந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் காளிதாஸ் ஷெட்டி குழு 1990களில் ஆரிகானோத் தளிர்களை ஒரு சூடோமோனாஸ் பாக்டீரியாவோடு சேர்த்து வளர்த்தபோது கண்ணாடித் தன்மை தடுக்கப்பட்டது. பாக்டீரியாவை எதிர்கொண்ட செடி ஃபீனால் பொருள்களை அதிகமாகச் சுரந்து, திசுவை உறுதியாக்கிக்கொண்டது. திசு வளர்ப்பு என்றாலே ஒரு கிருமிகூட இருக்கக் கூடாது என்று பயிற்சி பெற்றவர்களுக்கு இது ஏற்கக் கடினமான செய்தி. ஆனால் புதினாவுக்குள் பாக்டீரியா குடியிருப்பது புதிதல்ல. அமெரிக்க வேளாண் துறை ஓரிகன் மாநிலத்தின் கார்வாலிஸில் வைத்திருக்கும் புதினாத் தொகுப்பைக் குடுவைக்குக் கொண்டுவரும்போது உள்ளுறை பாக்டீரியாவைக் கண்டுபிடிப்பதும் நீக்குவதுமே தனி ஆராய்ச்சியாகிவிட்டது.

பி.ஏ.பி. இன்னொரு கடனையும் விட்டுச் செல்கிறது. 1990களில் பெல்ஜியத்தில் வெர்ப்ரூக் குழு ஸ்பாத்திஃபில்லம் என்ற அலங்காரச் செடியில் அதைத் துலக்கியது. செடி பி.ஏ.பி.யின் ஒரு பகுதியை, சர்க்கரை மூலக்கூறு ஒட்டிய, உடையாத வடிவமாக மாற்றித் தண்டின் அடியில் சேர்த்து வைக்கிறது. வேர்விட வேண்டிய இடமும் அதே அடிதான். ஊக்கி இல்லாத ஊடகத்துக்கு மாற்றிய பிறகும் வேர்விடுவது தாமதமாவதற்கும் ஒழுங்கற்றுப் போவதற்கும் இதுவே காரணம். பாப்லர் மரத்தின் இலையில் கண்டெடுத்த மெட்டா-டோபோலின் என்ற சைட்டோகைனினுக்கு இந்தக் குறை வெகுவாகக் குறைவு. விலைதான் கையைக் கடிக்கிறது.

தைடையாசூரான் கதை வேறு. பருத்தி அறுவடைக்கு முன் இலையை உதிர்க்க விற்கப்பட்ட மருந்து அது. 1980களின் தொடக்கத்தில் அதற்குச் சைட்டோகைனின் ஆற்றல் உண்டு என்று தெரிந்தது. பி.ஏ.பி. மில்லிகிராமில் செய்வதை இது அதன் ஒரு சிறு பங்கிலேயே செய்யும். 1992இல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் பிரவீண் சக்சேனா குழு, அலங்கார ஜெரேனியத்தின் நாற்றுத்தண்டில் தைடையாசூரான் ஒன்றை மட்டுமே கொடுத்து, ஆக்சின் இல்லாமலேயே, உடல் திசுவிலிருந்து எழும் உடற்கருக்களை உண்டாக்கியது. அறிவியலாக அது பெரிய கதவைத் திறந்தது. நாற்று உற்பத்திக்கு எனக்கு அதன்மேல் நம்பிக்கை குறைவு. திசுவுக்குள் எளிதில் சிதையாமல் தங்கி, தளிர்களைக் குட்டையாகவும் தட்டையாகவும் ஆக்கி, வேரைத் தடுக்கிறது. பிடிவாதமாகத் துளிர்க்காத திசுவுக்குச் சில நாள் மட்டும் கொடுத்து எடுப்பது சரி; மாதக்கணக்கில் அதில் வளர்ப்பது தவறு.

வேர் விஷயத்தில் நீளமாகப் பேச ஒன்றுமில்லை. புதினாவும் பச்சௌலியும் துளசியும் ஊக்கி இல்லாத, பாதி வீரிய எம்.எஸ். ஊடகத்திலேயே வேர்விட்டுவிடும். ரோஸ்மேரிக்கும் லாவண்டருக்கும் லிட்டருக்கு 1 மி.கி.க்கு உட்பட்ட ஐ.பி.ஏ. அல்லது என்.ஏ.ஏ. தள்ளுகோல் தேவைப்படும். அகாரில் வந்த வேருக்கு வேர்த்தூவி குறைவு, தண்டோடு இணைப்பும் பலவீனம். அதனால் தளிரின் அடியை ஐ.பி.ஏ.யில் தோய்த்து, தென்னை நார்க்கழிவு நிரப்பிய குழித்தட்டில் நேராக நட்டு, பனிமூட்டக் கூடத்தில் வேர்விட வைப்பது பல செடிகளுக்கு நன்றாக வருகிறது. ஆய்வுக்கூடத்தின் ஒரு கட்டமே மிச்சமாகிறது.

வழிமாறிய செடிகளின் வரவு

இதுவரை சொன்னதெல்லாம் தாயைப் போலவே பிள்ளை வேண்டும் என்கிற வழி. எதிர்வழியும் ஒன்று உண்டு. அதில் மிகச் சிறந்த சாட்சியம் ஒரு வாசனைச் செடியிலிருந்தே வந்தது.

அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஸ்கர்வினும் ஜூல்ஸ் ஜேனிக்கும் மணமுள்ள ஜெரேனிய ரகங்களை நாலு வழியில் பெருக்கினார்கள்: தண்டுக் குச்சி, வேர்த் துண்டு, இலைக்காம்பு, காலஸ். 1976இல் வெளியான முடிவு இன்றும் படிக்கத்தக்கது. தண்டுக் குச்சியில் வந்தவை ஒன்றுபோலவே இருந்தன. வேரிலும் காம்பிலும் வந்தவற்றில் வேறுபாடு தலைகாட்டியது. காலஸ் வழியே வந்தவை இலை வடிவம், செடியின் அளவு, ரோமம், எண்ணெய் என்று எல்லாவற்றிலும் கலைந்திருந்தன. அந்தக் கலைந்த கூட்டத்திலிருந்து ஒன்றைப் பொறுக்கி 'வெல்வெட் ரோஸ்' என்ற புதிய ரகமாக வெளியிட்டார்கள். அதன் குரோமோசோம்கள் இரட்டித்திருந்தன. ஐந்து வருடம் கழித்து, 1981இல், ஆஸ்திரேலியாவின் லார்கினும் ஸ்கௌகிராஃப்டும் இப்படிப்பட்ட மாற்றங்களுக்கு சோமாகுளோனல் வேறுபாடு என்று பெயர் வைத்தார்கள்.

இந்தியாவில் இந்த வழியில் தெரிந்தே நடந்தது, மருந்து, நறுமணச் செடிகளை ஆராயும் லக்னோவின் சீமேப் நிறுவனம். ஜாவா சிட்ரோனெல்லாப் புல்லின் காலஸிலிருந்து வந்த செடிகளில் எண்ணெய் கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுத்து 'பயோ-13' என்று வெளியிட்டார்கள். ஜெரேனியத்திலும் திசு வளர்ப்பில் மாறிவந்த 'சிம்-பவன்' ரகம் கிடைத்தது. மலட்டுச் செடியில் மகரந்தம் மாற்றி ரகம் உருவாக்க முடியாது. அங்கே காலஸ் தரும் தற்செயல் மாற்றம் உண்மையிலேயே ஒரு வரம். புல்லினங்களில் காலஸ் உண்டாக்கப் பயன்படும் 2,4-டி களைக்கொல்லியாகவும் விற்கப்படும் ஆக்சின். அதில் திசு அதிக நாள் இருந்தால் மாற்றங்கள் கூடிக்கொண்டே போகும்.

ஆக, ஒரே மேசையில் இரண்டு எதிரான வேலைகள் நடக்கின்றன. ரகம் உருவாக்குகிறவருக்கு ஊக்கி மிகுதியும் காலஸும் வேண்டும். நாற்று விற்கிறவருக்கு அவை ஆகவே ஆகாது. 'காலஸ் வழியே அதிவேகப் பெருக்கம்' என்று தலைப்பிட்டு, வணிக நாற்றுக்கு உகந்தது என்று முடிக்கும் கட்டுரைகள் இந்த இரண்டையும் குழப்புகின்றன. சில டி.என்.ஏ. குறிப்பான்களை ஓட்டி, பட்டைகள் ஒன்றுபோல இருந்தன, ஆகவே மரபு மாறவில்லை என்று எழுதுவது போதாது. அந்தக் குறிப்பான்கள் மரபணுத் தொகுதியின் மிகச் சிறு பகுதியை மட்டும் தொடுகின்றன. டி.என்.ஏ. எழுத்து மாறாமல் அதன்மேல் ஒட்டும் மெத்தில் குறிகள் மாறினாலும் செடி மாறும்.

எண்ணெய் எங்கே சுரக்கிறது

புதினா இலையின் அடிப்பக்கத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் மஞ்சள் நிற உருண்டைகள் பதிந்திருக்கும். ஒவ்வொன்றும் எட்டுச் செல் கொண்ட தலையுடைய சுரப்பி. எண்ணெய் அந்தச் செல்களில் உண்டாகி, மேலே தோலுக்கு அடியில் கொப்புளமாகச் சேர்கிறது. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ரோட்னி குரோட்டோவும் அவர் மாணவர்களும் பல பத்தாண்டுகள் உழைத்து இந்தத் தொழிற்சாலையின் ஒவ்வொரு படியையும் வெளிக்கொணர்ந்தார்கள்: லிமோனீன், பிறகு இடைப்படிகள், புலிகோன், மென்தோன், முடிவில் மென்தால். இலை இளசாக இருக்கும் இரண்டு மூன்று வாரத்தில்தான் இந்த வேலை உச்சத்தில் நடக்கிறது. வெயில், சூடு, தண்ணீர்த் தட்டுப்பாடு மாறினால் புலிகோன் மென்தாலுக்குப் போகாமல் மென்தோஃபுரானாகத் திசைமாறும். வாங்குகிறவர் விலையைக் குறைப்பார்.

காலஸில் சுரப்பி இல்லை. ஆகவே காலஸ் மணப்பதில்லை, அல்லது மிக லேசாக மணக்கும். உயிரணுக்களைத் தொட்டியில் வளர்த்து மென்தால் எடுக்கலாம் என்ற 1970, 80களின் கனவு இதனால்தான் கைகூடவில்லை. தளிர் வளர்ப்பில் சுரப்பி உண்டு, எண்ணெயும் உண்டு. ஆனால் ஊடகத்திலிருந்து சர்க்கரை குடித்து, விளக்கு வெளிச்சத்தில், ஈரக்காற்றில் வளரும் அந்த இலையின் எண்ணெயை வைத்து வயல் எண்ணெயை ஊகிக்க முடியாது. குரோட்டோ குழுவே 1980களில் புதினாக் குடும்பச் செடிகள் சிலவற்றின் மேல் சைட்டோகைனினைத் தெளித்து, வளர்ச்சியும் எண்ணெயும் கூடுவதைப் பதிவு செய்தது. ஊடகத்தில் பி.ஏ.பி. கூடும்போது எண்ணெய் கூடியது என்ற முடிவுகளை அந்த வெளிச்சத்தில் படிக்க வேண்டும். அது ஊக்கி இருக்கும்வரை நிற்கும் விளைவு. செடியின் நிலையான குணம் அல்ல.

கட்டுரைகளை ஒப்பிடுவதில் இன்னொரு தொல்லை அளவுகள். ஒருவர் மில்லிகிராமில் எழுதுவார், மற்றவர் மைக்ரோமோலில். 1 மி.கி. பி.ஏ.பி. என்பது 4.44 மைக்ரோமோல்; அதே 1 மி.கி. என்.ஏ.ஏ. 5.37. மாற்றிக் கணக்கிடாமல் படித்தால் முரணே இல்லாத இடத்தில் முரண் தெரியும். தாய்ச் செடி வயலில் இருந்ததா கூடத்தில் இருந்ததா, மழைக்காலமா வெயில்காலமா, எத்தனையாவது மறுவளர்ப்பு என்ற தகவல்கள் பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஆனால் விளைவைத் தீர்மானிப்பதில் ஊக்கியின் அளவுக்கு நிகராக இவையும் நிற்கின்றன.

யாருக்கு, எந்த விலைக்கு

ஆறடிக்கு ஆறடி வாழை நட்டால் ஏக்கருக்கு 1,200 கன்று சுமார் போதும். 60 செ.மீ. இடைவெளியில் பச்சௌலி நட்டால் 11,000க்கு மேல் வேண்டும். வாழையில் திசு வளர்ப்புக் கன்று தமிழ்நாடெங்கும் பரவியதற்கும், வாசனைச் செடியில் அது நடக்காததற்கும் இந்த ஒரு வித்தியாசமே பாதி விடை. கேரளத்தில் ஏ.வி. தாமஸ் நிறுவனம் 1987இல் இந்தியாவின் முதல் வணிகத் திசு வளர்ப்புக் கூடத்தைத் தொடங்கியபோது ஏலக்காயைத் தேர்ந்தெடுத்ததற்கும் இந்தக் கணக்குப் பொருந்தும். அது ஆண்டுக்கணக்கில் நிற்கும் பயிர், விதை நாற்று தாயைப் போல வராது, ஏக்கருக்குச் செடியும் குறைவு. இதற்கு மாறாக, ஜம்முவின் பதர்வாவில் சி.எஸ்.ஐ.ஆர். அரோமா மிஷன் திட்டத்தின் வழியே லாவண்டர் பரவியது வேர்விட்ட சாதாரணக் குச்சிகளால்தான்.

எனவே வயலுக்குப் போகும் ஒவ்வொரு நாற்றும் குடுவையிலிருந்து வர வேண்டியதில்லை. வளர்நுனியிலிருந்து எடுத்து, வைரஸ் சோதனையில் தேறிய சில நூறு தாய்ச் செடிகள் போதும். அவற்றைப் பூச்சி புகாத வலைக்கூடத்தில் வைத்து, அதிலிருந்து குச்சி எடுத்து, ஐ.பி.ஏ. தூளில் தோய்த்து நாற்றங்காலில் பெருக்கலாம். விவசாயிக்கு விலை ஏறாது, நாற்றோடு நோயும் வராது. பழைய தாய்ச் செடிகளைச் சில வருடத்துக்கு ஒருமுறை கழித்துவிட்டுப் புதியவை வைக்கலாம். 2006இல் மத்திய அரசின் உயிர்த்தொழில்நுட்பத் துறை தொடங்கிய திசு வளர்ப்புச் செடிகளுக்கான தேசியச் சான்றளிப்பு முறையில் வைரஸ் சோதனைக்கும் மரபு ஒருமைச் சோதனைக்கும் ஏற்பாடு இருக்கிறது. நறுமணப் பயிர்களின் தாய்ச் செடிகளையும் அந்த வரம்புக்குள் முழுமையாகக் கொண்டுவர வேண்டும்.

இந்த முறையில் ஊக்கி அளவு பற்றிய நூறு சச்சரவும் சுருங்கிவிடும். வளர்நுனியை உயிர்ப்பிக்க லிட்டருக்கு 0.1 மி.கி. அளவில் ஜிப்ரலிக் அமிலமும் கொஞ்சம் பி.ஏ.பி.யும், கணுவைப் பெருக்க 0.5 மி.கி. அல்லது அதற்கும் கீழே. கடைசி மறுவளர்ப்பில் ஊக்கி ஒன்றும் இல்லை. காலஸ் தெரிந்த அடித்துண்டை வெட்டி எறிந்துவிட வேண்டும், அதிலிருந்து வரும் தளிர் எவ்வளவு செழிப்பாகத் தெரிந்தாலும். மறுவளர்ப்புகளுக்கு ஒரு வரம்பு வைத்து, அதைத் தொட்டதும் வயலில் சோதித்த தாயிடமே திரும்ப வேண்டும்.

இனி எழுதப்படும் ஆய்வுகளிடம் நான் எதிர்பார்ப்பது, ஒரே தாயிலிருந்து வந்த மூன்று பாத்திகள்: சாதாரணக் குச்சி, குறைந்த ஊக்கியில் வந்த கணுச்செடி, அதிக ஊக்கியில் வந்த கொத்துச்செடி. ஒரே வயலில் பக்கம் பக்கமாக நட்டு, ஒவ்வொரு அறுவடையையும் தனித்தனியாக வாலையில் வடித்து, கேஸ் குரோமட்டோகிராஃபில் பார்க்க வேண்டும். பச்சௌலி நட்ட ஐந்தாறு மாதத்தில் முதல் அறுவடைக்கு வரும், அதன்பின் மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை. ஒன்றரை வருடத்துக்குள் மூன்று நாலு அறுவடையின் எண்ணெய் கையில் இருக்கும். ஒரு முனைவர் பட்ட மாணவரின் ஆய்வுக்காலத்துக்குள் இது தாராளமாக அடங்கும்.